படாத அடியும் பட்டும் நோகாத அடியும்

ஒருவன் வாளை ஓங்கி வீசுகிறான். எதிரே நிற்பவன் உடலில் கீறல்கூட விழவில்லை. ஏன் விழவில்லை என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. வாள் அவன்மேல் படவே இல்லை என்பது ஒன்று. பட்டது, ஆனால் கவசமோ தோலோ வரமோ அதைத் தாங்கிக்கொண்டது என்பது மற்றொன்று. கதை கேட்பவருக்கு இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றே. வீரன் பிழைத்தான், அவ்வளவுதான். காவியம் பாடியவர்களும் இக்கணக்கைப் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. ஆனால் மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் கற்பனைப் பாத்திர விளையாட்டுகளை இயற்றியவர்கள், இந்தச் சிறு வேறுபாட்டின்மேல் அரை நூற்றாண்டாக வழக்காடி வந்திருக்கிறார்கள். அந்த வழக்கின் வரலாற்றையே நாம் இங்குப் பார்க்கப் போகிறோம்.

விளையாட்டை அறியாதவர்களுக்காக ஓரிரு சொற்கள். ஒருவர் கதையை நடத்துகிறார், நடுவரும் அவரே. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, 'நான் கதவை உடைக்கிறேன்', 'நான் பூதத்தின்மேல் பாய்கிறேன்' என்று சொல்கிறார்கள். முயற்சி பலிக்குமா என்பதைப் பகடை சொல்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயிர்ப்புள்ளிகள் என்று ஓர் இருப்பு உண்டு. அடிபட்டால் அது குறையும், தீர்ந்தால் கதை முடிந்தது. இவ்வகை விளையாட்டுகளின் ஆதிநூல் 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அடியின் விளைவைக் குறைத்தோ இல்லாமலாக்கியோ காட்டும் விதிகளை ஆங்கிலத்தில் 'டேமேஜ் ரெசிஸ்டன்ஸ்' என்பார்கள். தமிழில் 'ஊறு தாங்குதிறன்' என்று சொல்லிப் பார்க்கலாம். ஊறு என்ற சொல்லுக்குத் தொடுகை என்றும் பொருள், காயம் என்றும் பொருள். தொடுதலும் புண்படுத்தலும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இவ்விரண்டையும் பிரிப்பதா, சேர்த்தே வைப்பதா என்பதுதான் வழக்கே.

தொடக்கத்தில் இப்பிரிவு தேவைப்படவில்லை. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர்ப்பயிற்சி விளையாட்டில் பகடை இருந்தது. ஆனால் அங்கே கணக்கிடப்பட்டது படையணிகளின் இழப்பே அன்றித் தனி ஒருவனின் புண் அன்று. 1913இல் எச்.ஜி. வெல்ஸ் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' இன்னும் எளிது. பொம்மைப் பீரங்கியின் குண்டு பட்டுச் சிப்பாய்ப் பொம்மை விழுந்தால் அவன் செத்தான். விழுந்தவன் பாதி செத்தான் என்று அங்கே பேச்சில்லை.

கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் வெளியிட்ட 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர்விதி நூலும் பெரும்பாலும் இவ்வழியில்தான் நின்றது. ஆளுக்கு ஆள் மோதும் பகுதியில் ஓர் அட்டவணை உண்டு. இன்ன ஆயுதம் இன்ன கவசத்தின் எதிரே கொல்வதற்கு இரண்டு பகடைகளில் எத்தனை விழவேண்டும் என்று அது சொல்லும். கத்தி தட்டுக்கவசத்தின் முன் அநேகமாக வீண். நொறுக்கும் ஆயுதங்களின் நிலை அங்கே வாளைவிட மேல். இவ்வட்டவணையைப் பொறுமையாகப் படித்தால் அதில் ஒரு நுட்பம் தெரியும். பட்டதா, தாங்கினானா என்ற இரு கேள்விகளும் ஒரே எண்ணுக்குள் அடக்கப்பட்டிருக்கின்றன. அந்நூலின் பின்னிணைப்பாக வந்த மாயக்கதைப் பகுதியில் வீரனைக் கொல்ல ஒரே சமயத்தில் நான்கு கொலையடிகள் விழவேண்டும் என்று விதித்தார்கள். மூன்று விழுந்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்று பொருள். காவிய நாயகனுக்குரிய பாதுகாப்புத்தான். ஆனால் ஆடுவோருக்கு நெருக்கடி தருவதில்லை. சாவின் விளிம்பு எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது.

மினசோட்டாவில் ஆடிவந்த டேவ் ஆர்னசன் இச்சிக்கலைத் தம் மேசையில் நேருக்கு நேர் கண்டார். அவருடைய 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டில் ஆடியவர்கள் தத்தம் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒரே உருட்டலில் அவன் மாண்டுபோவதை அவர்கள் விரும்பவில்லை. ஆர்னசன் எடுத்த வழி வேடிக்கையானது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால இரும்புக்கப்பல்களுக்காகத் தாம் முன்னர் எழுதிவைத்திருந்த விதிகளிலிருந்து உயிர்ப்புள்ளியையும் கவசத் தரத்தையும் எடுத்து மனிதனுக்குப் பொருத்தியதாகப் பிற்காலத்தில் அவரே நேர்காணலில் கூறியிருக்கிறார். கப்பலுக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்துமா? கப்பல் பல குண்டுகளை வாங்கிக்கொண்டு மெல்ல மூழ்குவது. அதன் புள்ளிகள் பலகையும் இரும்புமாகக் கண்ணுக்குத் தெரிவன. மனிதன் அப்படி அல்லன். இக்கலையின் பாதி வழக்குகள் இந்தக் கப்பல் உவமையிலிருந்தே பிறந்தன என்பது நம் கருத்து.

1974ஆம் ஆண்டு நூலில் கவசத் தரம் 9இலிருந்து 2 வரை இறங்குவரிசையில் அமைந்தது. 9 என்றால் வெற்றுடம்பு, 2 என்றால் தட்டுக்கவசமும் கேடயமும். தொடக்கநிலைப் போர்வீரன் வெற்றுடம்பனைத் தாக்க 20 முகப் பகடையில் 10 அல்லது அதற்குமேல் போடவேண்டும். முழுக்கவசம் பூண்டவனைத் தாக்க 17. நூற்றில் ஐம்பத்தைந்து வாய்ப்பு இருபதாகச் சுருங்குகிறது. ஆனால் பட்டுவிட்டால் இருவருக்கும் ஒரே சேதம். 6 முகப் பகடை ஒன்று. அதாவது இரும்புச்சட்டை அடியைத் தாங்குவதில்லை, அடியைப் படாமலே செய்துவிடுகிறது. கனத்த கவசம் அணிந்தவன் மானைப்போலத் துள்ளி விலகுகிறான் என்ற தோற்றம் இதனால் உண்டாயிற்று. அன்றே பலர் நகைத்தார்கள்.

கைகாக்ஸ் இந்நகைப்புக்கு விடை சொல்லாமல் இல்லை. 1978இலும் 1979இலும் வெளியான தம் பெருநூல்களில் அவர் தந்த விளக்கம், உயிர்ப்புள்ளி என்பது சதையின் அளவு மட்டும் அன்று என்பது. அதில் சிறுபகுதியே உடல்; எஞ்சியது போர்த்திறம், நற்பேறு, தெய்வ அருள். அனுபவம் ஏற ஏற ஒருவனுக்குப் புள்ளிகள் கூடுவது அதனால்தான். எந்த மனிதனும் பத்து வாட்குத்தை உடலில் வாங்கிக்கொண்டு நிற்பதில்லை. கூர்மையான விளக்கம். ஆனால் இதை ஒப்புக்கொண்டால் ஒரு முடிவும் கூடவே வந்துவிடுகிறது. புள்ளி குறைவது புண் அன்று, பேறு தேய்வது என்றால், கவசம் எதிலிருந்து எதைக் கழிக்கும்? இரும்புச்சட்டை ஒருவனுடைய நற்பேற்றைத் தாங்குமா? ஆகவே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கவசம் சேதத்தைக் கழிக்காமல் படுவதைத் தடுப்பது அறியாமையால் நேர்ந்தது அன்று. உயிர்ப்புள்ளிக்குக் கொடுத்த பொருள் அவ்வாறு அமையச் செய்தது. இதைக் கவனிக்காமல் அவ்விதியை மட்டும் ஏளனம் செய்வோர் இன்றும் உளர்.

எதிர்க்கட்சி விரைவிலேயே எழுந்தது. கென் செயின்ட் ஆண்ட்ரே 1975இல் வெளியிட்ட 'டனல்ஸ் அண்ட் டிரால்ஸ்' கவசத்துக்கு ஓர் எண் கொடுத்து, வாங்கிய அடியிலிருந்து அதைக் கழிக்கச் சொன்னது. ஆனால் இக்கொள்கைக்கு முழு வடிவம் தந்தது 1978இல் கேயாசியம் வெளியிட்ட 'ரூன்குவெஸ்ட்'. அதன் முதன்மை ஆசிரியர்களுள் ஒருவரான ஸ்டீவ் பெரின், கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1966இல் தோன்றிய இடைக்கால மரபு மீட்புக் கழகத்தின் தொடக்ககால உறுப்பினர். அங்கே கவசம் பூண்டு பிரம்பு வாள்களால் மெய்யாகவே அடித்துக்கொள்வார்கள். தலைக்கவசத்தின்மேல் இடி விழுந்தாற்போல் அடி வாங்கியவனிடம் போய், 'உன்மேல் படவே இல்லை' என்றால் ஏற்பானா? ரூன்குவெஸ்டில் அடி உடலின் எந்தப் பகுதியில் விழுந்தது என்று பகடை சொல்லும். தலை, மார்பு, வயிறு, இரு கைகள், இரு கால்கள் என ஏழு இடங்கள். அந்த இடத்துக் கவசத்தின் எண் சேதத்திலிருந்து கழியும். மீதி இருந்தால் மட்டுமே புண். பதிற்றுப்பத்தில் கவசத்துக்கு மெய்ம்மறை என்றொரு சொல் உண்டு. மெய்யை மறைப்பது என்ற நேர்ப்பொருளில் கவசத்தை நடத்திய விளையாட்டு இதுவே.

இங்கே கழித்தல் ஏன் பொருந்துகிறது? ரூன்குவெஸ்டில் உயிர்ப்புள்ளி உடலின் பருமனையும் உறுதியையும் ஒட்டியது. அனுபவம் கூடினாலும் அது மலைபோல் வளர்வதில்லை. எத்தனை போர் கண்டவனும் கவசமில்லாத தொடையில் ஈட்டி ஏறினால் விழுவான். அங்கே புள்ளி என்பது சதையேதான். சதையை இரும்பு காக்கலாம். ஆக, கவசம் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு விடை கவசத்தில் இல்லை. உயிர் என்று எதைக் கணக்கிட்டோம் என்பதில் இருக்கிறது.

கழித்தலுக்கும் ஒரு குறை உண்டு. தட்டுக்கவசம் 6 புள்ளிகளைத் தாங்கும் என்று கொள்வோம். 4 முகப் பகடைச் சேதம் தரும் கத்தியோடு நூறு உழவர்கள் வந்து நூறு நாள் குத்தினாலும் அந்தப் பிரபுவுக்கு ஒன்றும் ஆகாது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கீழே விழுந்த பிரபுவின் முகமூடி இடுக்கில் கத்தியைச் செருகிக் கொன்றது இடைக்காலப் போர்களில் நடந்ததே. 1361இல் காட்லாந்துத் தீவின் விஸ்பி நகருக்கு வெளியே நடந்த போரில் மாண்டோரின் பொதுப்புதைகுழிகளை இருபதாம் நூற்றாண்டில் அகழ்ந்தபோது, காலெலும்புகளில் வெட்டுத் தழும்புகள் மிகுதியாகக் கிடைத்தன. கவசம் காக்காத இடத்தைத் தேடி அடித்திருக்கிறார்கள். ரூன்குவெஸ்டின் ஆசிரியர்கள் இதற்கும் வழி வைத்தார்கள். மிக அரிதாக விழும் சிறப்படி கவசத்தைக் கணக்கில் கொள்ளாது. இடுக்கைக் கண்டுபிடித்துவிட்டது என்று பொருள்.

இருகட்சிகளையும் சேர்த்துப் பார்த்தவர்களும் உண்டு. 1980இல் வந்த 'ஆர்ம்ஸ் லா' இருபது வகைக் கவசங்களுக்கு அட்டவணைகள் வகுத்து, கனத்த கவசம் அணிந்தவன்மேல் அடி எளிதில் படும், ஆனால் கொடும்புண் அரிதாகவே விளையும் என்று காட்டியது. மெய்ம்மைக்கு மிக அருகில் போனது அதுதான். ஒவ்வொரு அடிக்கும் பக்கம் புரட்டியவர்களின் விரல்தான் பாவம். ஸ்டீவ் ஜாக்சனின் 'கர்ப்ஸ்' 1986இல் கவசத்துக்கு இரண்டு எண்கள் கொடுத்தது. அடியை வழுக்கிவிடச் செய்யும் எண் ஒன்று, பட்ட அடியைத் தாங்கும் எண் ஒன்று. 2004ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு முன்னதைக் கைவிட்டுப் பின்னதை மட்டும் வைத்துக்கொண்டது.

இதுவரை சொன்னது மனிதன் அணியும் இரும்பைப் பற்றி. அடி பட்டும் நோகாத உயிர்களின் கதை வேறு. இலக்கணம் நடத்தும் நமக்கு இவ்விடத்தில் புறனடை என்ற சொல் நினைவுக்கு வருகிறது. பொதுவிதிக்கு அடங்காததைத் தனியே எடுத்துச் சொல்லும் நூற்பா அது. கதைகளில் வரும் அழியாத உடல்கள் எல்லாம் ஒரு புறனடைக்காகவே படைக்கப்பட்டவை. நாகக்குருதியில் குளித்த ஜிக்ஃபிரீடின் முதுகில் ஓர் இலை ஒட்டிக்கொண்ட இடம். டோல்கீனின் 'தி ஹாபிட்'டில் ஸ்மாக் என்ற நாகத்தின் இடமார்பில் மணிகள் பதியாத ஒரு திட்டு. பகலில் இல்லை, இரவில் இல்லை, உள்ளே இல்லை, வெளியே இல்லை என்று வரம் வாங்கிய இரணியனுக்கு ஓர் அந்தியும் ஒரு வாயிற்படியும். அழியாமை என்பது அங்கே அழிவின் முகவரி. கேட்பவரின் ஆர்வம் முழுதும் அந்த இடுக்கை எப்போது யார் காண்பார் என்பதில் இருக்கிறது.

கைகாக்ஸ் இத்தகைய கதைகளில் ஊறியவர். போல் ஆண்டர்சனின் 'த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்' நாவலில் வெட்டவெட்ட உறுப்புகள் தாமே ஊர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும் அரக்கனை நெருப்பால் ஒழிப்பார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் டிரால் அங்கிருந்து வந்தது. 1977இல் வெளியான 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் இவ்வகைப் புறனடைகள் நிறைய. ஆனால் அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் இருவேறு இனம் என்பது புலப்படும். நடமாடும் எலும்புக்கூட்டின்மேல் கூரிய ஆயுதங்கள் பாதிச் சேதமே செய்யும். தடித்த தண்டாயுதம் முழுச் சேதம் செய்யும். ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சதை இல்லாத இடத்தில் வாள் எதை வெட்டும்? பக்கத்தில் கிடக்கும் கட்டையைத் தூக்கு என்று பத்து வயதுச் சிறுவனும் சொல்வான். ஓநாய் மனிதனுக்கு வெள்ளி, கேள்விப்பட்டிருந்தால் போதும். இவை அறிவால் திறக்கும் பூட்டுகள். இன்னோர் இனம் கார்காயில் என்ற கல்முகப் பிராணியைப் போன்றது. '+1' அல்லது அதற்கு மேற்பட்ட மாய ஆயுதம் இருந்தால்தான் அதைத் தொட முடியும். இங்கே அறிவதற்கு ஒன்றும் இல்லை. மாயவாள் உன்னிடம் இருக்கிறதா, இல்லையா? இது உடைமையால் திறக்கும் பூட்டு.

இதில் ஓர் அநீதியும் சேர்ந்துகொண்டது. 1979ஆம் ஆண்டு நடுவர் நூலில் ஒரு விதி உண்டு. வலிமை மிகுந்த பிராணிகள், மாய ஆயுதம் இல்லாமலே, தம் உடல்வலியால் இத்தகைய உயிர்களைத் தாக்கலாம். ஆனால் ஆடுவோரின் பாத்திரங்களுக்கு இச்சலுகை கிடையாது. காட்டு மிருகத்தின் நகத்துக்கு உள்ள மதிப்பு ஊர் போற்றும் வீரனின் உருக்குவாளுக்கு இல்லை. மந்திரவாதிக்கோ கவலையே இல்லை. அவன் சொல்லே மாயம்.

மேசையில் இது எப்படி இருக்கும் என்று அமர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்துபேர் ஆடும்போது ஒருவரின் முறை திரும்பிவரச் சில சமயம் கால்மணி நேரம் ஆகும். வாள்வீரனை ஏற்றவர் காத்திருந்து, பகடையை உருட்டி, நல்ல எண்ணும் விழுந்து நிமிரும்போது, 'பட்டது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை' என்கிறார் நடுவர். முதல்முறை அது திகில். அறையில் எல்லோரும் முன்னே சாய்கிறார்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை அவர் கைப்பேசியை எடுத்துக்கொள்கிறார். ஒரே விதி ஓரிடத்தில் அச்சத்தை ஊட்டுகிறது, ஓரிடத்தில் ஆளை வெளியேற்றுகிறது. இடுக்கு என ஒன்று இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கும்வரைதான் அந்தத் திகில்.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு, அடைத்த கதவைச் சற்றே திறந்தது. மாயமற்ற ஆயுதம் அறவே பயனற்றது என்பதை நீக்கி, ஒவ்வோர் அடியிலிருந்தும் இத்தனை கழியும் என்றது. நெடுநாள் எதிர்க்கட்சியின் கழித்தல் இப்படிப் பூதங்களின் தோல்வழியாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குள் நுழைந்தது. 2003இல் வந்த திருத்தப்பதிப்பு இன்னும் ஒருபடி மேலே போய், மாயத்தின் படிநிலைகளைக் குறைத்து, பொருள்களுக்கு மதிப்பைத் திருப்பிக் கொடுத்தது. ஓநாய் மனிதனுக்கு '10/வெள்ளி'. வெள்ளி அல்லாத எதனால் அடித்தாலும் 10 கழியும். சில பிராணிகளுக்குத் தண்ணிரும்பு, சிலவற்றுக்கு அடமன்டைன் என்ற கற்பனை உலோகம், எலும்புக்கூட்டுக்கு மொட்டை ஆயுதம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆயிற்று? வீரர்கள் வகைக்கொன்றாக ஆயுதம் வாங்கிச் சுமந்தார்கள். கோல்ஃப் ஆடுபவரின் பையைப் போல என்று ஆட்டக்காரர்கள் கேலி செய்தார்கள். தேடிக் கண்டடைய வேண்டிய இடுக்கு, கடையில் வாங்கும் பண்டமாயிற்று.

கழித்தலின் கணக்கும் தன் முகத்தைக் காட்டியது. 40 புள்ளிச் சேதம் செய்யும் ஒரே அடியிலிருந்து 10 போனால் 30 நிற்கும். பத்துப் பத்தாக நான்கு அடி அடிப்பவனுக்கு நிற்பது சுழியம். ஆற்றல் ஒன்றே, அடித்த முறைதான் வேறு. பெருவாளை இருகையால் சுழற்றுபவன் தழைத்தான். இரு கத்திகளோடு விரைந்து சுழல்பவன் வாடினான்.

2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு இச்சிக்கல்களை எல்லாம் ஒரே சொல்லில் தீர்த்தது. பாதி. ஒரு வகைச் சேதத்தைத் தாங்குதிறன் உடையவனுக்கு அச்சேதம் பாதியாகும், பின்னம் விட்டுவிடப்படும். வலுக்குறை உடையவனுக்கு இரட்டிப்பு. முற்றும் தீண்டாமை உடையவனுக்கு ஒன்றுமில்லை. மேலே சொன்ன 40 இப்போது 20. நான்கு பத்துகள் நான்கு ஐந்துகளாகி அதே 20. நெருப்பைத் தாங்கும் பிறப்பும் நெருப்பைத் தாங்கும் மோதிரமும் ஒருவனிடம் இருந்தாலும் ஒருமுறைதான் பாதி. பாதியின் பாதி இல்லை. வேறு கழிவுகள் இருந்தால் அவற்றை முதலில் முடித்துவிட்டுத்தான் பாதியாக்க வேண்டும். 27இலிருந்து 3ஐக் கழித்துப் பாதியாக்கினால் 12. முறையை மாற்றினால் 10. அந்த இரண்டு புள்ளிக்காகச் சச்சரவு எழாதிருக்கவே வரிசையையும் எழுதிவைத்தார்கள். சினம் தலைக்கேறிய காட்டுவீரனுக்கு வெட்டும் குத்தும் மொத்தும் பாதியாயின. பேறும் திறமுமே உயிர்ப்புள்ளி என்ற பழைய விளக்கத்தோடும் பாதி நன்றாகவே ஒத்துப்போகிறது. எதைக் கழிக்கிறோம் என்ற கேள்வி எழுவதில்லை.

வசதியான விதி. ஆனால் பாதிக்குச் சிறிய அடியென்றும் பெரிய அடியென்றும் வேறுபாடு தெரியாது. கல்லின் பாதியும் புகையின் பாதியும் ஒன்றே. உறைப்பும் குறைவு. மேலும் 2014ஆம் ஆண்டுப் பிராணிகளுள் ஏராளமானவை 'மாயமற்ற ஆயுதத்தால் வரும் மொத்து, குத்து, வெட்டு' என்ற ஒரே வாய்பாட்டைச் சுமந்து நின்றன. சிலநாள் ஆடியவுடன் எல்லோர் கையிலும் மாயவாள் வந்துவிடும். அதன்பின் அவ்வரி அச்சில் மட்டும் இருக்கும். அதனால்தான் 2024இல் தொடங்கிய திருத்தத்தில், 2025 பிப்ரவரியில் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' அவ்வாய்பாட்டையே நீக்கிவிட்டது. கார்காயிலின் கல்லுடல் இப்போது எந்த வாளையும் சிறப்பாகத் தாங்குவதில்லை. உடைமைப் பூட்டு ஒழிந்தது நல்லதே. வாள்வீரனை ஏற்பவர் இனி மாயவாளுக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம். ஆனால் அதே கத்தரி ஓநாய் மனிதனின் வெள்ளியையும் சேர்த்து வெட்டிவிட்டது. உருக்கும் வெள்ளியும் அவன் உடலில் இப்போது ஒரேவிதமாக இறங்குகின்றன. இதை நம்மால் ஏற்க முடியவில்லை. 1941இல் வந்த 'தி வுல்ஃப் மேன்' திரைப்படத்தில் தந்தையின் கையிலிருந்த வெள்ளிப் பூணிட்ட கைத்தடி செய்த வேலையை இனி ஒரு சமையற்கத்தியும் செய்யும். வெள்ளிக்காசுகளை உருக்கி அம்புமுனை செய்யலாமா என்று ஐந்துபேர் தலைகளை ஒன்றுகூட்டிப் பேசும் அந்த அரைமணி நேரத்துக்கு இப்போது காரணம் இல்லை. கணக்கை எளிதாக்கியவர்கள் இரு பூட்டுகளையும் ஒரே பூட்டு என்று எண்ணிவிட்டார்கள்.

எலும்புக்கூடு மட்டும் தப்பியது. 1977இல் வாளுக்குப் பாதி என்று இருந்த அதன் விதி, 2003இல் மொட்டை ஆயுதம் தவிர மற்றதற்கு 5 கழியும் என்றாகி, 2014இல் தலைகீழாகத் திரும்பி, மொத்துக்கு இரட்டிப்பு என்று நின்றது. 2025ஆம் ஆண்டு நூலிலும் அப்படியே இருக்கிறது. அதன் உயிர்ப்புள்ளி 13. வாளுக்கும் போர்ச்சம்மட்டிக்கும் 8 முகப் பகடைதான். தோள்வலிக்கு 3 கூட்டினால் சராசரி ஏழரை. வாளால் இரண்டு அடி வேண்டும். சம்மட்டிக்கு ஒன்று.